காந்தத்தில் ஒட்டிய வெள்ளி

டயகம பக்கத்தில் என்னை மிஞ்சிய எலக்ட்ரீஷியன் கிடையாது. (பொய்தான். பல்பு மாட்டுவேன், அதுவும் பழையதைக் கழற்றியவர் பக்கத்தில் நின்றால்.)

எங்கள் தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிற காற்றாடி ஒருநாள் நின்றுபோனது. சுவிட்சுப் பெட்டிக்குள் ஒட்டி ஒட்டி விலகுகிற பொட்டளவு பாயின்டுகள் தேய்ந்துவிட்டன. ஹட்டன் டவுனில் கரண்டு சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், அவரிடமிருந்து புதிது வந்தது, வெள்ளி பாயின்ட் என்று.

பேசாமல் மாட்டியிருக்கலாம். தேயிலைத் தூளில் கிடக்கும் இரும்பைப் பொறுக்குகிற காந்தம் கையில் அகப்பட்டது. வைத்தேன். டக்கென்று ஒட்டியது.

"வெள்ளி எங்கயாச்சும் காந்தத்துல ஒட்டுமா? நானா இரும்புக்குப் பாலிஷ் போட்டு ஏமாத்திட்டாரு."

எல்லோரும் என்னை விஞ்ஞானி போலப் பார்த்தார்கள், என் மனைவி செல்வியைத் தவிர. "மழையில நனைஞ்சு பறிச்ச கொழுந்து சூடாகுது. செவந்துச்சுன்னா குப்பைதான். சீக்கிரம் போயிட்டு வாங்க" என்றாள். நான் வரும்வரை பெண்கள் கொழுந்தைக் கையால் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

பஸ்ஸில் எல்லோருக்கும் காந்த வித்தை காட்டினேன். ஹட்டனில் இறங்கியபோது பின்னால் சின்ன ஊர்வலமே வந்தது. (தேர்தலில் நின்றிருந்தால் ஜெயித்திருப்பேன்.)

"என்னா நானா, இரும்ப வெள்ளின்னு விக்கிறீங்களா?"

"கழட்டின பழசு இருக்கா தம்பி?"

கொடுத்தேன். நானா அதைக் காந்தத்தில் வைத்தார். அதுவும் டக்கென்று ஒட்டியது.

"இத்தன வருஷமா இதுலதானே ஓடிச்சு? வெறும் வெள்ளின்னா சூட்டுல ஒண்ணோட ஒண்ணு உருகி ஒட்டிக்கும். அதுக்குத்தான் நிக்கல் சேர்க்குறாங்க. காந்தம் நிக்கலையும் இழுக்கும்."

ஊர்வலம் அந்த நிமிஷமே கட்சி மாறியது.

"அத உங்க வாயால கேக்கத்தான் வந்தேன் நானா" என்றேன்.

நானா சிரித்துவிட்டு, தன் த்ரீவீலரிலேயே என்னை ஏற்றிக்கொண்டு வந்து, அவரே மாட்டினார். காற்றாடி உறுமியது. கொழுந்து பச்சையாகவே இருந்தது. "நானாவையே இழுத்தாந்து நல்ல சாமானா மாட்ட வச்சுட்டாரு பாரு" என்று பெண்கள் கைதட்டினார்கள். கும்பிட்டு ஏற்றுக்கொண்டேன். என் வாழ்க்கையின் உச்சம் அது. நானா பிளேன்டீயைக் குடித்து முடிக்கும்வரை நீடித்தது. அப்புறம் அவர் நடந்ததைச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து செல்வி எந்தக் கடைக்குப் போனாலும் நான் வாசலிலேயே நிற்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். போன மாதம்கூட தோடு வாங்கப் போன இடத்தில்...

"இந்தாங்க, கதை அளந்தது போதும். லயத்து வீட்டுக்கெல்லாம் கரண்டு போயிருச்சு."

"இதோ வாறேன் செல்வி, சாமான் பையை எடு."

"பையெல்லாம் வேணாங்க. பாக்குறதுக்கு ஆளு வந்தாச்சு. நீங்க டார்ச்சு பிடிச்சாப் போதும்."