எந்தக் கொடியைத் தைப்பது, மாமா?

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமாவுக்கு,

முழங்கால் வலி குறைந்து நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்பதால், பிள்ளைகள் தூங்கியபின் எழுத உட்கார்ந்தேன். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை.

நகரத்தின் ஆண்டு விழா ஊர்வலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்னால் நகரக் கொடியைப் பிடித்துப் போக என் மகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கொடியை வீட்டிலேயே தைத்து வர வேண்டுமாம். இதென்ன பிரமாதம் என்று நூலகத்துக்குப் போய்ப் பார்த்தேன். பச்சைத் துணியில் ஒரு கோட்டை. அதைத் தைத்து முடித்தபின் பேருந்து நிலையத்தில் பார்த்தால் கோட்டையோடு ஒரு பாலமும் இருக்கிறது, சரி என்று பாலத்தையும் தைத்தேன், மேட்டுத் தெருத் தீயணைப்பு நிலையத்திலோ கோட்டையே இல்லை, பாலம் மட்டும், அதுவும் நீலத்தில். தலை சுற்றிப்போய் மாநகராட்சி அலுவலகத்துக்கு ஓடினேன்.

"எது சரின்னு கேட்டா எப்படிம்மா? மூணும் சரிதான்," என்றார் அங்கிருந்த எழுத்தர். ஆற்றுக்கு அக்கரை ஊரை நம்மோடு சேர்த்தபோது கொடியில் பாலம் வந்ததாம். கோட்டை இடிந்து விழுந்தபின் கொடியிலிருந்தும் அதை எடுத்தார்களாம். "ஆனா பழசு கிழியுற வரைக்கும் புதுசு ஏத்தக் கூடாதுன்னு விதி. மேட்டுல காத்து ஜாஸ்தி, சீக்கிரம் கிழிஞ்சுது. நூலகத்துப் பக்கம் இலைகூட அசையாது. உங்க வீட்டுப் பக்கம் காத்து எப்படி?"

நான் வாங்கிய பட்டத்தில் இதற்குப் பதில் இல்லை, மாமா.

"ஏதோ ஒண்ணைத் தைச்சுக் குடேன், யாரு பாக்கப் போறா?" என்கிறார் இவர். "எல்லாரும் பாப்பாங்க, நான்தானே முன்னாடி போறேன்," என்று மகள் அழுகிறாள். போதாததற்குச் சின்னவன் இருமல் மருந்தைக் கொடிமேல் கக்கிவிட்டான். துவைத்தும் கறை போகவில்லை. மஞ்சள் துணியில் ஒரு வட்டம் வெட்டி அதன்மேல் தைத்து மூடி, ஜன்னல் கம்பியில் காயப் போட்டிருக்கிறேன். அது இப்போது எந்தக் காலத்துக் கொடியும் இல்லை. பாலத்தைச் சேர்த்த குழுவில் நீங்கள் இருந்ததாக அம்மா சொல்வாளே, எதைத் தைக்க என்று ஒரு வரி எழுதுங்கள். எல்லாவற்றையும் பிரித்துவிட்டுப் புதிதாகத் தைக்கிறேன். ஊர் சிரிக்க என் பிள்ளை நடக்கக் கூடாது.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசி பிள்ளைகளுக்கு என்றும் வேண்டும், இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாக.

உங்கள் தங்கை மகள்

பி.கு.: இதைத் தபாலில் போட மறந்து நாளாகிவிட்டது, நல்லதாகப் போயிற்று. நீங்கள் எதுவும் எழுத வேண்டாம். இதை எழுதிய மறுநாள் காலை இந்த வழியாகப் போன பேருந்து நிலையக் காவலாளி ஜன்னலைப் பார்த்து, "புதுசு வந்துடுச்சா? எங்களுது நேத்துதான் கிழிஞ்சுது," என்று படம் எடுத்துப் போனார். இன்று அங்கே மஞ்சள் வட்டத்தோடு கொடி பறக்கிறது. பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் அதைப் பார்த்துத்தான் வரைகிறார்கள். வட்டம் முழு நிலாவாம், அமைதியைக் குறிக்கிறதாம். யாராவது கேட்டால், உங்கள் குழுவிலேயே நிலாவைப் பற்றிப் பேச்சு இருந்தது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். சின்னவனுக்கு இருமல் நின்றுவிட்டது.