உயிர் போன பெட்டி

அந்த அடுக்குமாடியில் ஒரு வாரமாக யாரும் யாரையும் "சாப்பிட்டாச்சா" என்று கேட்பதில்லை. "உங்க வீட்டுப் பெட்டிக்கு நாடி பார்த்தாச்சா" என்றுதான் கேட்கிறார்கள். அலை வைத்தியர் வந்திருக்கிறாராம். வைஃபை பெட்டியின் மேல் ஸ்டெதஸ்கோப்பை வைப்பாராம், கண்ணை மூடுவாராம், "உயிர் போயிடுச்சு" என்பாராம். போன உயிர் திரும்பாது. ஆகவே அவரிடமே புதுப் பெட்டி வாங்கிக்கொள்ள வேண்டுமாம். செத்த பெட்டி வீட்டில் கிடந்தால் மற்ற சாமான்களுக்கும் தொற்றுமாம், அதையும் அவரே எடுத்துக்கொண்டு போவாராம். என்ன ஒரு தாராள மனசு! இதுவரை அவர் கை வைத்த பெட்டிகளில் ஒன்றாவது பிழைத்ததா என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கேட்பதற்கு வாய் வேண்டுமே, அதுதான் பிளந்துகொண்டு நின்றதே.

இரண்டாம் மாடியில் போன்காரம்மா என்று ஒருத்தி. ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு வரும் போன்களை வீட்டுப் பின்னறையில் இருந்தபடி இன்டர்நெட் வழியாக எடுத்து, நோயாளிகளுக்குத் தேதி கொடுப்பது அவள் வேலை. இரண்டு வாரமாகப் பேச்சு பாதியில் அறுந்துகொண்டே இருந்தது. தேதி காதில் விழாமல் ஒரு பெரியவர் தப்பான நாளில் போய் நின்றிருக்கிறார். திங்கட்கிழமையும் அறுந்தால் வேலை வேறு ஆளுக்கு என்று மேலாளர் சொல்லிவிட்டார். அவளுக்கு அந்த வேலை உயிர். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதாள்.

புருஷன் சாவி ரிப்பேர்காரர். எந்தப் பூட்டாக இருந்தாலும் ஒரு கம்பியை வைத்துத் திறந்துவிடுவார். தன் மூளையை மட்டும் நன்றாகப் பூட்டி, சாவியை வைத்தியர் கையில் கொடுத்திருந்தார். ஞாயிறு காலை, வைத்தியரைக் கூட்டிவருகிறேன் என்று செருப்பை மாட்டினார்.

"வாங்குறதுக்கு முன்னாடி இருக்கிறதை ஒரு தடவை பார்த்துடலாமே" என்றாள் அவள்.

"பார்க்கத்தானே அவர் வர்றார்" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

அவள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்தாள். ஹாலில் சிக்னல் முக்கால்வாசி இருந்தது. நடையில் பாதி. பின்னறையில் பேருக்கு ஒரு கோடு, அதுவும் வந்து வந்து போனது. பெட்டி செத்திருந்தால் ஹாலிலும் அல்லவா செத்திருக்க வேண்டும்? சரி, அந்தப் பெட்டிதான் எங்கே? வழக்கமாக இருக்கும் டிவி மேஜையில் காணோமே.

தேடினால், ஹாலில் இருந்த இரும்பு பீரோவுக்குள் இருந்தது. ஒயர் நுழையும் அளவுக்கு மட்டும் கதவு திறந்திருந்தது. போதாததற்குப் பெட்டிக்குக் கம்பளி ஸ்வெட்டர் வேறு, கழுத்துப் பட்டியோடு. அவள் மாமியாரைப் பார்த்தாள்.

"தூசி படுமேன்னுதான்மா. ராத்திரியில குளிருது வேற" என்றார் மாமியார்.

ஸ்வெட்டரைக் கழற்றினாள். பெட்டி இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதித்தது. அணைத்து ஆறவிட்டாள். பிறகு நடையில் திறந்த அலமாரியின் மேல்தட்டில் வைத்து, படுத்துக் கிடந்த இரண்டு கொம்புகளையும் நிமிர்த்தி, மறுபடி போட்டாள். பின்னறைக்குப் போய்ப் பார்த்தால் கோடுகள் நிறைய. தோழியைக் கூப்பிட்டு அரைமணி நேரம் பேசினாள், ஒரு வார்த்தை அறுந்தால்தானே. மனசு லேசாகி, தோழி என்னவோ ஏதோ என்று பயப்படும் அளவுக்குச் சிரித்தாள்.

அந்த நேரத்தில் வைத்தியர் பரிவாரத்தோடு நுழைந்தார். கூட்டத்தில் முதல் ஆள் மேல்மாடி மீசைக்காரர். அவர் வீட்டுப் பெட்டி போன வாரம்தான் வைத்தியர் கையால் காலமானது. வைத்தியர் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், கண்ணை மூடினார்.

"உயிர் போயிடுச்சு."

"இதுலதான் இப்போ அரைமணி நேரம் பேசினேன், ஐயா" என்றாள் அவள்.

"அது கடைசி மூச்சும்மா" என்றார் வைத்தியர். கூட்டம் உச்சுக் கொட்டியது.

அவள் மல்லுக்கு நிற்கவில்லை. தன் பெட்டியை அணைத்தாள். உங்கள் புதுப் பெட்டியை மாட்டுங்கள், அதற்கு எப்படி இருக்கிறது உயிர் என்று பார்த்துவிடலாம் என்றாள். வைத்தியரும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி ஒன்றைப் பையிலிருந்து எடுத்து மாட்டினார். விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் புருஷனின் சட்டைப் பையில் போன் சிணுங்கியது. அவள் அதை எடுத்து உரக்கப் படித்தாள்:

"'மீசை வீடு கேக்காம தொடாதே' இணைந்தது."

மீசைக்காரர் தன் வீட்டு வைஃபைக்கு ஆசை ஆசையாக வைத்த பெயர் அது. எந்தப் பெட்டியாக இருந்தாலும் பின்னால் ஊசியால் அழுத்திப் பழைய பெயரை அழித்துவிட்டுத்தான் வைத்தியர் விற்பார். இந்த வாரம் வியாபாரம் அமோகம், மனுஷன் மறந்துவிட்டார்.

"இது என் பெட்டி. செத்துப்போச்சுன்னு நீங்க தூக்கிட்டுப் போனது" என்றார் மீசைக்காரர். ஸ்டிக்கரை உரித்தார். அவர் பேரன் கிறுக்கிய பூனைப் படம் அதற்கு அடியில் பத்திரமாக இருந்தது. அடுத்து மெதுவாகச் சாவிக்காரர் பக்கம் திரும்பினார். "அது சரி, உங்க போனுக்கு என் பெட்டியை எப்படித் தெரியும்?"

சாவிக்காரர் தலையைச் சொறிந்தார். "தொழில் பழக்கம்ணே. பூட்டைப் பார்த்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது."

இந்தப் பஞ்சாயத்து நடக்கும்போதே வைத்தியர் வாசல் தாண்டிவிட்டார். பையும் ஸ்டெதஸ்கோப்பும்தான் கூட்டத்திடம் மாட்டிக்கொண்டன. பையில் கட்டடத்துப் பெட்டிகள் பாதி இருந்தன. சோபாவுக்கு அடியிலும் மீன் தொட்டிக்குப் பின்னாலும் கிடந்த பெட்டியைத் தூக்கிவிட்டு, பக்கத்து வீட்டுப் பெட்டியை நடு மேஜையில் வைத்ததுதான் அவர் செய்த மொத்த வைத்தியமும்.

திங்கட்கிழமை காலையிலிருந்து மாலைவரை போன்காரம்மாவுக்கு ஒரு பேச்சுகூட அறுந்துபோகவில்லை. வேலை அவளுடையதாகவே இருந்தது. மாமியார் ஸ்வெட்டரைப் பிரித்துத் தனக்கே காலுறை பின்னிக்கொண்டார்.

கட்டடத்தார் இப்போது ஃபிரிட்ஜுக்கு மந்திரிக்க ஒருத்தர் வருவதாகப் பேசிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை: ஐயா, அம்மா, உங்கள் கழுத்துக்கு மேலும் ஒரு பெட்டி இருக்கிறது. அதற்கு உயிர் போகவில்லை. ஸ்வெட்டர் மாட்டி பீரோவுக்குள் வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். எடுத்து வெளியே வையுங்கள்.