பட்டாபிராமன் குழவி கவர்ந்த படலம்

1908 ஆகஸ்டு 12, புதன். குளத்து நீலப்பூவுக்கு இதழ் ஆறு என்று நேற்று எழுதியது பிழை. இன்று காலை ஒற்றுத்தாள்களிலிருந்து வெளியே எடுத்து மறுபடி எண்ணியதில் ஐந்துதான்.

இவ்வாறு தன் நாட்குறிப்பில் தவற்றை ஒப்புக்கொண்ட தகைமையாளன், பவானிபூர்ச் சந்தின் மாடி ஆளும் மன்னன், மாலை வகுப்பில் தாவர சாஸ்திரம் பயிலும் தற்காலிக உதவியாளன் பட்டாபிராமன் வாழ்க! கார்டன் ரீச் குளத்துச் சேற்றில் முழங்காலளவு இறங்கி, அட்டைகளுக்குக் குருதிக்கொடை ஈந்து அவன் வென்று வந்த அந்தச் செடியைத் திங்களன்று தன் மேலதிகாரியான துரையிடம் தட்டையாக உலர்த்திக் காட்டினால் வேலை நிரந்தரம். சுருட்டிக் காட்டினால் ஊருக்கு ரயில்.

ஒற்றுத்தாள்களுக்கு நடுவே செடியை வைத்து மேலே பாரம் ஏற்றுவது சாஸ்திர விதி. பாரத்துக்கு எங்கே போவது? காவலற்ற வேளையில் அடுக்களைக் கோட்டைக்குள் புகுந்த நாயகன், மலையைப் பெயர்த்த பெருமிதத்தோடு அம்மிக்குழவியைத் தூக்கி வந்து, தாள்களை மூடிய பலகைமேல் நிறுவினான்.

அந்தோ! துவையலுக்கு வறுத்து முடித்த அவன் மனைவி நாகலக்ஷ்மி, கரண்டி ஏந்திய கொற்றவையாய்க் கூடத்தில் தோன்றினாள்.

"ஏன்னா, குழவி எங்கே?"

"அது விஞ்ஞானப் பணியில் அமர்ந்திருக்கிறது!" என முழங்கினான் நாயகன்.

"உங்களுக்கே இன்னும் நிரந்தரமாகலை. அதுக்குள்ள அதுக்கு வேலை போட்டுக் குடுத்துட்டேளா?"

குழவி சிறை மீட்கப்பட்டது. துவளாத வீரன் தன் உடலையே பாரமாக்கத் துணிந்து பலகைமேல் சம்மணமிட்டான். அம்மியோசை போர்முரசாய் அதிர, புளியும் மிளகாயும் நாசியை முற்றுகையிட, கால்கள் மரத்துப் பாறையாக, மாலை வகுப்பின் நேரமும் கடந்து போக, துவையல் சாதத்தையும் அவ்வரியணையிலேயே உண்டு, விளக்கேற்றிய பின்னரே எழுந்தான். தாள்களைப் பிரித்தான்.

அவனி காணாத தட்டை! ஆனால் இருந்தவை தாள்கள் மட்டுமே.

"என் செடி!" என்று அலறினான்.

"காலம்பற எண்ணிட்டு ஜன்னல்லயே விட்டுட்டேளே. வாடிடப் போறதேன்னு ஜலத்துல போட்டு வெச்சேன்" என்று ஒரு செம்பை நீட்டினாள் நாகலக்ஷ்மி. "அப்போ இத்தனை நாழி எதுமேல ஒக்காந்திருந்தேள்?"

செம்பிலே, பறித்த அன்றைவிடச் செழிப்பாய் நின்றது பூ. காலையில் மடங்கிக் கிடந்த ஓரிதழும் இப்போது விரிந்திருந்தது. நாயகன் விளக்கருகே அமர்ந்து நாட்குறிப்பைத் திறந்தான்.

இதழ் ஆறுதான். நாளைக் காலை இரண்டு செங்கல் வாங்க வேண்டும்.