வீடு பூட்டியிருந்த தேனீக்கள்

அன்புள்ள மருமகள் மோனிஷாவுக்கு, சித்திரபுரத்திலிருந்து தாய்மாமன் பாண்டீஸ்வரன் எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தை ராமலட்சுமியும் மழையைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். அங்கு நீயும் உன் கம்ப்யூட்டரும் சுகமா? போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

சூடு இப்படியே ஏறினால் இன்னும் முப்பது வருஷத்தில் நீலவரித் தேனீ எந்த மலையில் பிழைக்கும் என்று நீ வரைபடம் போட்டாய். இமயமலையில் இருக்கும் பம்பிள்பீ என்ற குண்டுத் தேனீக்கு இது தூரத்துச் சொந்தம், தக்காளிப் பூவைப் பிடித்து உலுக்கியே காய்க்க வைக்கும் என்றெல்லாம் சொன்னாய். பிழைக்கும் இடத்துக்குப் பச்சை. நம் குவார்ட்டர்ஸ் பின்னால் இருக்கும் மண்திட்டும் பச்சை. "கம்ப்யூட்டர் சொன்னா பத்தாது மாமா, ஆள் பாக்கணும். பத்து இடம், வாரம் ஒரு தடவை" என்றாய். எண்ணும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். தேனீ இருந்தால் அந்தத் திட்டை விட்டுவைப்பதாக வார்டு மெம்பர் ஜோபியும் ஒத்துக்கொண்டார். இல்லாவிட்டால் சிமென்ட் பூசிவிடுவார்.

நான் முப்பத்தோரு வருஷம் கரண்ட் மீட்டர் ரீடிங் எடுத்தவன். வீடு பூட்டியிருந்தால் என்ன செய்வோம்? போன மாதங்களின் ஆவரேஜைப் போட்டுவிட்டு நடையைக் கட்டுவோம். பூஜ்யம் எழுதினால் மீட்டர் எரிந்துவிட்டதா என்று மேலே இருந்து கேள்வி வரும். ஜூலையில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன், ஒரு தேனீயும் வெளியே வரவில்லை. வீடு பூட்டு என்று நினைத்து ஏழு என்று எழுதினேன். பத்தாவது இடமான அந்த மண்திட்டில் வெயிலடித்த வாரத்திலும் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை, மற்ற ஒன்பது இடத்தின் ஆவரேஜைப் போட்டேன். முட்டை போட்டு அனுப்பினால் பிள்ளை மனசு கஷ்டப்படுமே என்றுதான், சத்தியமாக வேறு காரணம் இல்லை. நீ போனில், "மாமா, கொட்டுற மழையில ஏழு தேனீ எப்படி பறந்துச்சு?" என்று கேட்டாய். அதுவும் குடை வைத்திருக்கும் என்று சொல்லிவிட்டேன். "இல்லைன்னா இல்லைன்னு எழுதணும் மாமா, அதுவும் கணக்குதான்" என்று நீ சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பொய்யைப் படித்துப் படித்து உன் கம்ப்யூட்டர் தேயிலை பாக்டரிக் கூரைக்கும் பச்சை அடித்துவிட்டதாமே!

திருத்திய தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். பத்தாவது இடத்துக்கு முழுக்க முழுக்கப் பூஜ்யம். திட்டின் பச்சையை அழித்துவிடு, ஜோபியிடம் நானே சொல்லிவிடுகிறேன். தேனீ எண்ணும் வேலையையும் இன்றோடு விடுகிறேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்க வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

உன் படிப்பு ஒரு தடங்கலும் இல்லாமல் முடிய முருகன் துணையிருப்பான்.

இப்படிக்கு,
மாமா பாண்டீஸ்வரன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன், திட்டில் நான் நட்ட பத்தாம் நம்பர் குச்சியைப் பிடுங்கப் போனேன். சாயங்காலம் மணி ஆறு. உன் அத்தை பின்னாலேயே ஓடிவந்து கையைப் பிடித்தாள். "மெதுவா! தூங்குதுல்லா!" பக்கத்திலிருந்த காய்ந்த உண்ணிச்செடிக் கொம்பில் வரிசையாக, வாயால் கொம்பைக் கடித்தபடி, நீல வரி போட்ட தேனீக்கள். "தினம் சாயங்காலம் இங்கனதான் வந்து அடையுது. நீங்க காலைல பத்து மணிக்கு வந்து நின்னா எப்படித் தெரியும்? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?" என்கிறாள்.

பச்சையை அழிக்காதே. ஜோபி வீட்டுக்கு இப்போதே கிளம்புகிறேன். நாளையும் எண்ணுவேன். பத்தாவது இடம்: பதினொன்று. ஆவரேஜ் இல்லை, கீழே உன் அத்தை கையெழுத்து.