இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே ஒரு ஸ்டூல்

உட்காருவது எல்லாருக்கும் வரும். எழுந்திருப்பதுதான் தனித்திறமை. இந்த உண்மை லிஃப்ட்காரருக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் விளங்கியது.

வேலையில் இருந்த காலமெல்லாம் அவர் ஓர் உயரமான மர ஸ்டூலில் உட்கார்ந்தபடியே ஊரை மேலே ஏற்றிக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். அந்த ஸ்டூலில் உட்காருவதென்றால் லேசாகச் சாய்வதுதான். எழுவதென்றால் பாதத்தைத் தரையில் ஊன்றி இடுப்பை ஒரு தள்ளு தள்ளினால் போதும். முழங்காலுக்குச் சேதியே போகாது. ஓய்வு கொடுத்த அன்று கைகுலுக்கி ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். ஸ்டூலைக் கொடுக்கவில்லை. அவரும் அப்போது கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தால், மகன் நாகரிகம் தெரிந்தவனாக இருந்தான். தரையோடு தரையாக வாழ்வதுதான் ஆரோக்கியம் என்று எங்கோ கேட்டுவிட்டு வந்து, நாற்காலிகளை விற்று, கட்டிலின் கால்களை அறுத்து, ஒரு செங்கல் உயரத்துக்கு சோபா வாங்கிப் போட்டிருந்தான். கால் உள்ள பொருள் எதுவும் வீட்டில் மிச்சமில்லை, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இருந்தவற்றைத் தவிர. அப்பாவுடையது பெயருக்குத்தான் கால்.

"பூமிக்குப் பக்கத்துல இருந்தா மூட்டு நல்லா இருக்கும்பா," என்றான் மகன்.

"பூமிக்குள்ளயே போகப் போறவன்கிட்ட வந்து சொல்றியேடா," என்றார் லிஃப்ட்காரர்.

சோபாவில் இறங்குவது சுலபம். பாதி வழி போனதும் மீதி வழி தானாகவே நடந்துவிடும். ஏறுவதற்கு மனைவி வேண்டும். அவளுக்கோ விரல் கணுக்கள் இஞ்சி மாதிரி வீங்கிக் கிடந்தன. எதையும் இறுகப் பிடிக்க முடியாது. அதனால் முழங்கையை அவர் அக்குளில் கொக்கி போல மாட்டி இழுப்பாள். இவருக்கு முழங்கால், அவளுக்கு விரல். இரண்டு பேரையும் சேர்த்துக் கூட்டினால் ஒரு முழு ஆள் தேறும் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு நாள் அவள் கடைக்குப் போயிருந்தாள். இவர் சோபாவில் இருந்தார். அவசரமாக எழுந்துபோக வேண்டிய தேவை வந்தது. கையை ஊன்றிப் பார்த்தார், புரண்டு பார்த்தார், சோபாவைத் திட்டியும் பார்த்தார். தேவை காத்திருக்கவில்லை. அவள் திரும்பி வந்து, ஒன்றும் கேட்காமல் அவரைத் தூக்கி நிறுத்திவிட்டு, சோபா உறையைக் கழற்றித் துவைக்கப் போட்டாள். அவர் சுவரைப் பார்த்தபடி நின்றார். அத்தனை வயதில் அவ்வளவு வெட்கம் அவருக்கு வந்ததே இல்லை.

சாயங்காலம் அவளே பேச்செடுத்தாள். "உங்க பழைய ஸ்டூலைப் போய்க் கேளுங்களேன். இப்ப யாருக்கு அது உபயோகம்?"

கடையில் ஒன்று வாங்கினால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். அவரும் போய்க் கேட்டார். "அவ்வளவு உசரமா? அதெல்லாம் இப்ப யாருங்க வாங்குறா?" என்று கடைக்காரர் தரையிலிருந்தே பதில் சொன்னார். அவரும் நாகரிகத்தில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து வியாபாரம் பேச அவருக்கும் ஒரு மனைவி தேவைப்பட்டிருக்கும்.

ஆகவே, மேற்படி லிஃப்ட்காரர் மேற்படி ஸ்டூலைக் கோரி, தாம் முன்பு வேலை பார்த்த அலுவலகத்துக்கு நேரில் சென்றார். அது முதியோர் மூட்டு நலத் துறை. முதியோருக்கான பிரிவை, அவர்களுடைய உடற்பயிற்சியைக் கருதியோ என்னவோ, நான்காம் மாடியில் வைத்திருந்தார்கள். நடுவில் கம்பிக்கூண்டு லிஃப்ட்; அதைச் சுற்றிச் சுற்றி மேலே போகும் படிக்கட்டு. லிஃப்டில் இப்போது பொத்தான் வைத்துவிட்டார்கள். ஆள் வேண்டாம்.

கீழ்த்தளத்தில் கண்காணிப்பாளர் ஓர் உயரமான மேசைக்குப் பின்னால், இந்தக் காலும் அந்தக் காலுமாக மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க பெரியவரே. உட்காருங்கன்னு சொல்ல முடியாது. சுற்றறிக்கை."

சுற்றறிக்கை சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. 'உட்காருதலே மூட்டு நோயின் மூலகாரணம் என இத்துறையால் கண்டறியப்பட்டுள்ளதால், இக்கட்டடத்தின் எந்த மாடியிலும் எவரும் உட்காரலாகாது. தரைத்தளமும் இதன் பொருட்டு மாடியாகவே கருதப்படும்.'

"நாற்காலியெல்லாம் என்ன சார் ஆச்சு?"

"ஏலம் போயிடுச்சு. நின்னு வேலை செய்யறதுதான் இப்ப உலகம் பூரா."

"உங்களுக்குக் கால் வலிக்கலையா?"

"வலி இல்லைன்னு வாராவாரம் எழுதிக் கொடுக்கறோமே," என்றார் கண்காணிப்பாளர், முழங்காலைத் தடவிக்கொண்டு.

லிஃப்ட்காரர் வந்த காரியத்தைச் சொன்னார். கண்காணிப்பாளர் அனுதாபத்துடன் கேட்டுக்கொண்டார்.

"லிஃப்ட் இயக்குபவர்ங்கற பதவியையே எடுத்தாச்சு பெரியவரே. பதவி இல்லேன்னா, பதவிக்குரிய ஸ்டூலும் இல்ல. இல்லாத பொருளை எப்படிக் கொடுக்கறது?"

"இல்லாத பொருளை நானா எடுத்துட்டுப் போனா யாரும் கேக்க மாட்டாங்களே சார்."

"அது திருட்டு."

"இல்லாததை எப்படி சார் திருட முடியும்?"

"திருட முடியாதுதான். அதுக்குத்தான் பத்திரமாப் பூட்டி வெச்சிருக்கோம்."

அந்த நேரத்தில் பின்பக்கத்துச் சாமான் அறைக்குள்ளிருந்து "அப்பாடா" என்று ஒரு குரல் வந்தது. லிஃப்ட்காரர் எட்டிப் பார்த்தார். அறை வாசலிலிருந்து நடை முழுக்க ஊழியர்கள் கையில் கோப்புகளோடு வரிசையாக நின்றார்கள். கோப்பு சும்மா பெயருக்கு. உள்ளே, உடைந்த மேசைகளுக்கு நடுவில், அவருடைய ஸ்டூல். கட்டடத்திலேயே மிஞ்சியிருந்த ஒரே இருக்கை. ஒவ்வொருவராக உள்ளே போய், உட்கார்ந்து, அப்பாடா சொல்லி, முகம் தெளிந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

கண்காணிப்பாளர் நல்ல மனிதர். "வந்தது வந்தீங்க, ஒரு தடவை உட்கார்ந்துட்டுப் போங்க. ஆனா வீட்டுக்கு மட்டும் கேக்காதீங்க. நாங்க இத்தனை பேர் இருக்கோம்."

லிஃப்ட்காரர் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். யாரும் தூக்காமல், யாரும் இழுக்காமல், தன் காலில் தானே எழுந்து நிற்பது எவ்வளவு பெரிய சுகம் என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்றாம் தடவை உட்கார்ந்தபோதுதான் இயக்குநர் அம்மாள் சோதனைக்கு வந்தார். வரிசை நொடியில் கரைந்தது. ஸ்டூலும் லிஃப்ட்காரரும் கண்காணிப்பாளரும் மட்டும் மிஞ்சினார்கள்.

"யார் இவர்?" என்றார் இயக்குநர்.

"லிஃப்ட் இயக்குபவர், மேடம்," என்று கண்காணிப்பாளர் உளறிவிட்டார்.

"அந்தப் பதவிதான் இல்லையே."

"இல்லதான் மேடம். அதனால இந்த ஸ்டூலும் இல்ல. இல்லாதவர் இல்லாததுல உட்கார்ந்திருந்தார். விதிமீறல் ஒண்ணும் நடக்கலை."

இயக்குநர் ஸ்டூலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சுற்றும்போது இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைத்தார். "இதை நான் விரிவா ஆய்வு பண்ண வேண்டியிருக்கு. எல்லாரும் வெளியே இருங்க."

கதவு சாத்தப்பட்டது. சற்று நேரத்தில் உள்ளிருந்து "அம்மாடி" என்று மெல்லிய குரல் கேட்டது. பிறகு நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. ஆய்வு மதியச் சாப்பாட்டு நேரத்தையும் தாண்டிப் போயிற்று.

வெளியே வந்த இயக்குநரின் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. ஆனால் குரலில் துக்கம். "நல்ல ஸ்டூல். என்ன செய்யறது, சுற்றறிக்கை என் கையெழுத்துல போயிருக்கு. எந்த மாடியிலயும் இதை வெச்சிருக்க முடியாது. உடைச்சிடுங்க."

லிஃப்ட்காரர் கணக்குப் போட்டார். போகிற போக்கில் இந்த ஒரு ஸ்டூலும் போனால், மிச்ச நாளெல்லாம் சோபாதான். மூளை வழக்கமில்லாத வேகத்தில் ஓடியது.

"மேடம், எந்த மாடியிலயும்னுதானே போட்டிருக்கு?"

"ஆமாம்."

"ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல?"

"நடுவுல என்ன இருக்கு?"

"லிஃப்டை அங்க நிறுத்தினா, லிஃப்ட் இருக்கும் மேடம்."

கண்காணிப்பாளர் சுற்றறிக்கையை ஓடிப்போய் மறுபடி படித்துவிட்டு வந்தார். நடுவைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. "ஆனா பொத்தான் வெச்ச லிஃப்ட் நடுவுல நிக்காதே," என்றார் இயக்குநர்.

"கம்பிக் கதவை ஒரு விரல்கடை திறந்தா நின்னுடும் மேடம். அது எவ்வளவு திறக்கணும்னு எனக்குத்தான் தெரியும்."

இவ்வாறாக, பொதுநலன் கருதி, லிஃப்ட் இயக்குபவர் பதவி உயிர்பெற்றது. பதவி வந்ததும் ஸ்டூலும் வந்தது. ஸ்டூலை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஆனால் அவர் ஸ்டூலிடம் வரலாம். முதலில் இயக்குநர், பிறகு பதவி வரிசைப்படி ஊழியர்கள், அப்புறம் வரிசையைக் கவனித்துக்கொள்ளும் கண்காணிப்பாளர், கடைசியில் லிஃப்ட்காரர். அவருடைய முறையின்போது லிஃப்ட் எங்காவது நகர்ந்துவிட்டால் முறை போய்விடும். சுற்று மறுபடி இயக்குநரிடமிருந்து தொடங்கும். லிஃப்டின் வெளியே 'ஆய்வில் உள்ளது' என்று ஓர் அட்டை தொங்கியது. பொதுமக்கள் படியேறினார்கள்.

துறை முன்னேறியது. ஊழியர்களின் மூட்டு வலி கணிசமாகக் குறைந்திருப்பதாகவும், அதற்கு நின்றபடி பணிபுரிவதே காரணம் என்றும் இயக்குநர் அறிவித்தார். அறிவிப்பைப் படித்த மற்ற அலுவலகங்கள் தங்கள் நாற்காலிகளை ஏலம் விட்டன. மகனும் படித்தான். அவன் எதிலும் பின்தங்குகிறவன் இல்லை. மறுநாளே சோபாவை விற்றுவிட்டு, நின்றபடி சாப்பிட ஓர் உயரமான மேசை வாங்கி வந்தான்.

"அப்பாவுக்கே நல்லா ஆயிடுச்சு பாரும்மா. எல்லாம் நிக்கறதாலதான்," என்றான்.

லிஃப்ட்காரர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஸ்டூல் போய்விடும். அவர் பகலெல்லாம் அலுவலகத்தில் இருந்தார். வீட்டில் பகலெல்லாம் நின்றவள் மனைவி. கொஞ்ச நாளில் அவளுக்கும் முழங்கால் வந்தது. "உங்களுது எனக்கு மாறிடுச்சு போல. போகட்டும், உங்களுக்கு விட்டுச்சே," என்றாள். வெந்நீர்ப் பையை இப்போது அவள் காலுக்கு வைத்துக்கொண்டாள். அவர் அதைப் பார்க்காத மாதிரி கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒரு மதியம் லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது. கண்காணிப்பாளர் அப்பாடா சொல்லி முடித்து எழுந்தார். "ம், உங்க முறை பெரியவரே."

கம்பிக்கு வெளியே, படியில், பழக்கப்பட்ட செருப்புகள் ஏறி வந்தன. ஒரு கால் முதலில். அந்தப் படியிலேயே மற்றது வந்து சேரும். கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிறகு அடுத்த படி. முழங்கையில் ஒரு பை தொங்கியது. விரலால் பிடிக்க முடியாதவர்கள் அப்படித்தான் மாட்டிக்கொள்வார்கள்.

"ஐயா, லிஃப்ட் வருமாங்க?" என்று அவள் மூச்சிரைக்கக் கேட்டாள். அவள் இருந்த கோணத்திலிருந்து கூண்டின் அடிப்பலகைதான் தெரியும். "முழங்காலுக்கு நாலாவது மாடியில ஏதோ தர்றாங்களாமே. மேல போகணும்."

லிஃப்ட்காரர் ஸ்டூலைப் பார்த்தார். பொத்தானைப் பார்த்தார். கண்காணிப்பாளர் கூரையைப் பார்த்தார்.

"லிஃப்ட் ஆய்வில் உள்ளது," என்றார் லிஃப்ட்காரர், குரலைக் கனமாக்கிக்கொண்டு. "படியைப் பயன்படுத்தவும்."

"சரிங்க." இரண்டு படி ஏறியபின் அவள் நின்றாள். "இந்த லிஃப்டுலதாங்க எங்க வீட்டுக்காரர் வேலை பாக்கறாரு. வந்தா சொல்லுங்க. சாப்பாடு கொண்டு வந்திருக்கேன், சூடா இருக்கு."

"சொல்றேம்மா," என்றார் அவர்.

சுவரைப் பிடித்து, படியை மட்டும் பார்த்தபடி அவள் ஏற, செருப்புச் சத்தம் மேலே போயிற்று. அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். முழங்காலுக்குச் சேதியே போகவில்லை.