இதற்கு முன் கைது: இல்லை

ஒரு காட்டில் எல்லா மிருகங்களும் ஒற்றுமையாக வாழ்ந்தன என்று தொடங்கத்தான் ஆசை. ஆனால் அந்தக் காட்டில் ஒரு காவல் நிலையம் இருந்தது. அங்கே வேலையும் நடந்தது. ஆகவே உள்ளதை உள்ளபடியே சொல்லிவிடலாம்.

அங்கே செங்கோடன் என்று ஒரு கீரி இருந்தான். கூச்ச சுபாவம். எதிரே யாராவது வந்தால் ஒதுங்கி வழி விடுவான். வந்தவர் போன பிறகும் கொஞ்ச நேரம் ஒதுங்கியே நிற்பான். முட்டை அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. ஒன்றைத் தின்றால்கூட உடம்பு முழுக்கத் தடித்து, நாலு நாள் சொறிந்துகொண்டே இருப்பான். கீரி குலத்தில் இது வெளியே சொல்லக்கூடிய விஷயம் அல்ல. அதனால் அவன் மனைவி பாவாயிக்கு மட்டுமே தெரியும்.

ஐப்பசி மழையில் அவர்கள் வளைக்குள் தண்ணீர் புகுந்தது. குட்டிகள் மூன்றும் ஈரத்தில் படுத்துத் தும்மின. அந்த நேரம் பார்த்து, தரையில் கூடு கட்டும் பறவைகள் சேர்ந்து நடத்துகிற முட்டைக் காப்பகத்துக்குக் காவலாளி வேண்டும் என்று செய்தி வந்தது. பாம்பை விரட்டத் தெரிந்திருக்க வேண்டும். குடியிருக்க மேட்டில் ஒரு மரப்பொந்து தருவார்கள். ஒழுகாத பொந்து.

காப்பகத்தின் தலைவி மயிலாத்தாள் என்ற பெண்மயில். செங்கோடனை மேலும் கீழும் பார்த்தாள். ஆள் பிடித்திருந்தது. ஆனாலும் மனத்தில் ஒரு நெருடல்.

"போன பருவத்துல இங்க ஒரு முட்டை காணாமப் போச்சு. போலீஸ் வந்து ஒரு கீரியைப் பிடிச்சுட்டுப் போனதாப் பேச்சு. அது நீதான்னு நாலு பேர் சொல்றாங்க."

தன்னை யாரும் பிடிக்கவில்லை என்று செங்கோடன் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"வாயால சொன்னா ஆச்சா? கைது ஆகலைன்னு ஸ்டேஷன்ல எழுதி வாங்கிட்டு வா. முத்திரை இருக்கணும். இந்த மழை விடறதுக்குள்ள கொண்டா, பொந்து உனக்கு. இல்லைன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

செங்கோடன் காவல் நிலையத்துக்குப் போனான்.

நிலையத்தில் ரைட்டராக இருந்தவர் நாச்சிமுத்து என்ற உடும்பு. யார் என்ன புகார் கொடுத்தாலும் எழுதுகிறவர் அவர்தான். போன பருவத்தில் முட்டை காணாமல் போனபோது காப்பகத்துக்குப் போய் விசாரித்தவரும் அவர்தான். தனியாகப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, வெகு நேரம் விசாரித்தார். அவர் கிளம்பிய பிறகு எண்ணிப் பார்த்தால் இன்னொரு முட்டையும் குறைந்திருந்தது. குற்றவாளி எவ்வளவு துணிச்சல்காரன் என்று அப்போது எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

பதிவு பற்றி எது கேட்பதானாலும் தகவல் அதிகாரியிடம் மனுப் போட வேண்டும் என்றார் ரைட்டர். நிலையத்திலேயே ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் அந்த அதிகாரி ஓர் ஆந்தை. பெயர் சாம்பசிவம். நேர்மையானவர், படித்தவர், கையூட்டு என்ற பேச்சே கிடையாது. ஒரே சிக்கல், அலுவலகம் காலையில் திறந்து சாயங்காலம் மூடும். அவர் காலையில் கண்ணை மூடிச் சாயங்காலம் திறப்பார். அதிகாரியை எழுப்புவது அந்தக் காட்டில் வழக்கம் இல்லை. மனுதாரர்கள் வரிசையில் நின்று, அவருக்குக் கேட்காதபடி மெதுவாக இருமிவிட்டு, பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குப் போவார்கள்.

ஆனால் மனு எப்படியோ நகரும். உதவியாளர் யாரோ தூங்குகிற காலுக்கு அடியில் காகிதத்தைச் செருகிவிட்டால், நகம் பட்ட இடமே கையெழுத்து. அப்படித்தான் செங்கோடனுக்கும் பதில் வந்தது.

முதல் மனுவில், போன பருவத்து முட்டைச் சம்பவத்தின் பதிவைக் கேட்டிருந்தான். அதில் தன் பெயர் இல்லை என்று காட்டிவிடலாமே என்ற எண்ணம். மனுதாரர் அந்தச் சம்பவத்தில் சம்பந்தப்படாத மூன்றாம் நபர் என்பதால் தர இயலாது என்று பதில் வந்தது.

"அதுதானுங்களே எனக்கு வேணும். சம்பந்தப்படலைன்னு அதிலயே இருக்குதுங்களே" என்றான் செங்கோடன்.

அது தகவல் அல்ல, தகவல் தராததற்கான காரணம். காரணத்துக்கு முத்திரை வைப்பதில்லை என்று ரைட்டர் பொறுமையாக விளக்கினார். வேண்டுமானால் சம்பந்தப்பட்டவன் என்று எழுதிக் கொடுக்கலாம், உடனே பதிவு கிடைக்கும், கூடவே கைவிலங்கும் மாட்டுவார்கள் என்றார்.

இரண்டாவது மனுவில் தன் கைதுப் பதிவின் நகலைக் கேட்டான். அப்படி ஒரு பதிவு இல்லை, இல்லாததற்கு நகல் எடுக்க முடியாது என்று வந்தது. அந்த இல்லை என்பதையே ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லிக் கெஞ்சினான்.

"இல்லாததை எல்லாம் எழுத ஆரம்பிச்சா மை பத்துமாப்பா?" என்றார் ரைட்டர். "இந்தக் காட்டுல யானை முட்டை வைக்கறதில்லை. அதையும் எழுதணுமா?"

வீட்டுக்குத் திரும்பினால் வளைக்குள் தண்ணீர் முழங்கால் வரை. கீரியின் முழங்கால்தான் என்றாலும் தண்ணீர் தண்ணீர்தானே. குட்டிகளை ஒரு கல்லின் மேல் ஏற்றி உட்கார வைத்திருந்தாள் பாவாயி. மேகம் வெளுக்கத் தொடங்கிவிட்டது, இன்னும் ரெண்டொரு நாளில் மழை விட்டுவிடும் என்று அவள் சொன்னாள். நல்ல செய்தி சொல்வது போலத்தான் தொடங்கினாள். பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது.

மறுநாள் செங்கோடன் வரிசையில் நின்றபோது ஒரு முள்ளம்பன்றியைப் பிடித்து வந்தார்கள். பொதுவழியில் முள்ளை உதிர்த்த குற்றம். ரைட்டர் கைது அட்டையை எடுத்து, எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். பெயர். தகப்பன் பெயர். அடையாளம், உடம்பெல்லாம் முள். இதற்கு முன் கைது, இல்லை. பிறகு முத்திரையை ஊதி, ஓங்கிக் குத்தி, ஒரு நகலை முள்ளம்பன்றியிடம் கொடுத்தார். கைதானவருக்கு நகல் இலவசம்.

செங்கோடனின் காது இரண்டும் நிமிர்ந்தன. வரிசையை விட்டு விலகி மேசைக்குப் போனான்.

"ஐயா, என்னையும் ஒரு தடவை கைது பண்ணுங்க."

"என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலைங்க."

ஒன்றும் செய்யாதவனைக் கைது செய்தால் தன் பெயர் என்னாவது என்று ரைட்டருக்குக் கோபம் வந்தது. போய் ஏதாவது செய்துவிட்டு வரும்படி விரட்டினார்.

செங்கோடன் வெளியே வந்து யோசித்தான். திருட மனம் வரவில்லை. அடிதடிக்குக் கூச்சம். வரிசையில் முந்திப் பார்த்தான், முன்னால் நின்ற மான், "அவசரமாப்பா? போ, போ" என்று அன்பாக வழிவிட்டுவிட்டது. நல்லவர்கள் நிறைந்த காட்டில் குற்றம் செய்வது எவ்வளவு சிரமம் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அப்போது அவன் பார்வை சாம்பசிவத்தின் மேல் விழுந்தது. அதிகாரி நடுப்பகல் தூக்கத்தில், கழுத்து உடம்புக்குள் புதைந்து, ஒரு பந்து போல இருந்தார். செங்கோடன் அருகே போனான். மூன்று முறை மன்னிப்புக் கேட்டுக்கொண்டான். பிறகு வாலால் அவர் வயிற்றில் ஒரு குத்துக் குத்தினான்.

சாம்பசிவம் கண்ணைத் திறந்தார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் பார்த்திராத பகல் வெளிச்சம் அது. "ஐயோ, இவ்வளவு பேரா?" என்று வரிசையைப் பார்த்து அலறினார்.

அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தடுத்தல். ரைட்டர் நாச்சிமுத்து எழுந்து வந்து விலங்கு மாட்டினார். கீரியின் மணிக்கட்டுக்கு அது பெரியது. நழுவி நழுவி விழுந்தது. செங்கோடனே மரியாதைக்கு இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தான். அட்டை எழுதும்போது அந்தக் கட்டம் வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"இதற்கு முன் கைது," என்றார் ரைட்டர். "இல்லை."

முத்திரை விழுந்த சத்தத்தில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. சாயங்காலமே சொந்த ஜாமீனில் விட்டுவிட்டார்கள். தூறலில் அட்டை நனையாமல் வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டு காப்பகத்துக்கு ஓடினான்.

மயிலாத்தாள் முத்திரையைத் தடவிப் பார்த்தாள். கட்டத்தை இரண்டு முறை படித்தாள். தலைப்பையும் படித்தாள்.

"இது கைது அட்டையாச்சே. எதுக்குக் கைதாகிட்டு வந்தே?"

"கைதாகலைன்னு எழுதி வாங்கறதுக்குத்தானுங்க."

அவள் கொஞ்ச நேரம் தோகை இல்லாத வாலை ஆட்டிக்கொண்டு யோசித்தாள். அவளுடைய கூட்டாளிகள் எத்தனையோ பேர் நல்லவர்கள் என்று பெயர் எடுத்தவர்கள். ஒருவரிடமும் இப்படி ஒரு காகிதம் இல்லை. பொந்தைத் திறந்துவிடச் சொன்னாள். அன்றைக்குக் குட்டிகள் தும்மாமல் தூங்கின.

மறுநாளே, 'இதற்கு முன் கைது' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று காட்டாத எவரையும் காப்பகத்துக்குள் விடக்கூடாது என்று மயிலாத்தாள் விதி போட்டாள். கௌதாரி, காடை, காட்டுக்கோழி எல்லாம் குடும்பத்தோடு காவல் நிலையத்துக்குக் கிளம்பின. வரிசை ஆற்றங்கரை வரை நீண்டது. ஒவ்வொருவராக வந்து சாம்பசிவத்தை ஒரு குத்துக் குத்தி, மரியாதையாகக் கைதாகி, நகலை வாங்கிக்கொண்டு போனார்கள். ஆந்தைக்குத் தூக்கமே போய்விட்டது. கொட்டக்கொட்ட விழித்துக்கொண்டு, வேறு வழியில்லாமல் மனுக்களைப் படிக்கத் தொடங்கினார்.

கூட்டம் குறைந்த ஒரு நாள், ரைட்டர் நாச்சிமுத்து காப்பகத்து வாசலுக்கு வந்தார். பழைய வழக்கில் மறுவிசாரணையாம். தனியாகத்தான் வந்திருந்தார். பேசும்போதே நாக்கு இரண்டு முறை வெளியே வந்து கூடுகள் இருந்த பக்கம் போய்த் திரும்பியது.

செங்கோடன் முதலில் ஒதுங்கினான். பழக்கம். பிறகு நினைவு வந்து வழியின் குறுக்கே நின்றான்.

"காகிதம் இருக்குதுங்களா?"

"அந்தக் காகிதத்தை எழுதறவனே நான்தாம்ப்பா. என்னை யாரு கைது பண்ணுவா?"

"அதுதானுங்க எங்களுக்கும் சந்தேகம்" என்றான் செங்கோடன், தரையைப் பார்த்துக்கொண்டு.

நாச்சிமுத்து ஆத்திரத்தோடு நிலையத்துக்குத் திரும்பினார். ஒரு வெற்று அட்டையை எடுத்துத் தன் பெயரை எழுதினார். நேராகப் போய்ச் சாம்பசிவத்தின் வயிற்றில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.

"முழிச்சுட்டுத்தான் இருக்கேன், சொல்லுங்க" என்றார் சாம்பசிவம்.

விழித்திருப்பவரை எழுப்புவது எந்தச் சட்டத்திலும் குற்றம் இல்லை. ரைட்டர் அட்டையைக் கிழித்துப் போட்டார். அந்தப் பருவத்தில் காப்பகத்தில் வைத்த முட்டைகளில் ஒன்றுகூடக் குறையவில்லை.

நீதி: நல்லவர் என்று நிரூபிக்க விரும்புகிறவர் ஒரே ஒரு முறை கைதாகி வைக்க வேண்டும், அதிகாரிகள் விழித்துக்கொள்வதற்குள் முடித்துக்கொள்வது உத்தமம்.