பிச்சைமணி ஆடிய ஒன்பது ஆட்டங்கள்

கம்பம்,
14.2.2010

அன்பு மருமகன் நவாஸுக்கு மாமா அமானுல்லா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கன நானும் உன் மாமி ரம்லத்தும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை. அங்கன சென்னையில் நீயும் ஷாஜியாவும் பிள்ளைகளும் நலமாயிருக்க துஆ செய்கிறேன்.

நம்ம பக்கத்துச் செஸ் போட்டிகளின் ஆட்டங்களை எல்லாம் பழைய நோட்டுகளைப் பார்த்து டைப் செய்து இன்டர்நெட்டில் இலவசமாகப் போட்டிருந்தாய். இடம் கொடுத்த கம்பெனி கடையை மூடிவிட்டது, உன் கம்ப்யூட்டரும் கெட்டது, மாமாவிடம் உள்ள நகலை அனுப்புங்கள் என்று மூன்று கடிதம் போட்டுவிட்டாய். மிச்சமிருப்பது என் நகல் ஒன்றுதான் என்பதில் எனக்குப் பெருமை. எட்டாம் வகுப்பையே இரண்டு தடவை படித்தவன், முன்யோசனை இல்லாமல் இருக்குமா?

'யாரும் எடுக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம், எடுத்த இடத்தைச் சொல்லுங்கள், ஓர் எழுத்தையும் மாற்றாதீர்கள்' என்று முகப்பில் எழுதியிருந்தாய். முதல் இரண்டையும் குறைவில்லாமல் நிறைவேற்றினேன். என் பிரவுசிங் சென்டரில் வைத்து, குமுளி கட்டப்பனை வரை நானூறு சிடி போட்டுக் கொடுத்தேன். எடுத்த இடத்தைப் போட்டால் அட்டையில் என் போட்டோவுக்கு இடம் பற்றவில்லை. குமுளியில் ஒரு மலையாளி வாத்தியார் "அமானுல்லா சாரே, எந்தொரு களி!" என்று, அதாவது என்னவொரு ஆட்டம் என்று, பிடித்த கையை விடவே இல்லை.

சிடி ஏன் வரவில்லை என்கிறாய். முதலில் கரண்ட் இல்லை. கரண்ட் வந்தபோது மிஷின் ஓடவில்லை. மிஷின் ஓடிய அன்று காமயகவுண்டன்பட்டிக்குத் திராட்சை பார்க்கப் போனேன். டவுன் பஸ் பிச்சைமணி வீட்டு வாசலில்தானா பஞ்சராக வேண்டும்? இருபது வருஷம் என் எதிரே உட்கார்ந்து காய் நகர்த்தியவன், போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் மகள் உமாதேவி டீச்சர் உள்ளே கூப்பிட்டாள். கையில் என் சிடியிலிருந்து எடுத்த பிரிண்ட். "மாமா, உத்தமபாளையம் போட்டியில உங்களை ஜெயிச்சதா அப்பா சாகுறவரைக்கும் சொன்னாக. இதுல ஒம்பது ஆட்டத்துல எட்டு நீங்க ஜெயிச்சிருக்கீக, ஒண்ணு டிரா. அவுக நோட்டையாவது பாப்போம்னா அதைக் கரையான் தின்னுருச்சு. அப்பா பொய்யா சொன்னாக?"

"வயசாச்சுல்லத்தா, மறந்திருப்பாக" என்றேன்.

"சரி மாமா" என்று தாளை மடித்து அவன் செஸ் பெட்டிக்குள் வைத்தாள். காபி கொடுத்தாள். உன் மாமி போடுவதைவிட நல்ல காபி, குடிக்க முடியவில்லை.

திரும்பி வந்தால் சிடியை எலி கடித்துவிட்டது, கம்ப்யூட்டரில் இருந்ததையும் வைரஸ் தின்றுவிட்டது. ஆகையால் அந்தத் தொகுப்பை மறந்துவிடு. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உங்கள் வீட்டில் பரக்கத் நிறையட்டும். வஸ்ஸலாம்.

மாமா,
அமானுல்லா

பி.கு.: சிடியை இத்துடன் வைத்திருக்கிறேன். எலி கடிக்கவில்லை. எட்டு ஆட்டத்திலும் பெயர்களை இடம் மாற்றிப் போட்டது நான்தான்; திருப்பிப் போட்டுவிடு. நான் அவனை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. திருத்தியதை முதலில் உமாதேவிக்கு அனுப்பு, இந்தக் கடிதத்தையும் சேர்த்து. நானூறு சிடி இல்லை, பதினாறு. அந்தப் பதினாறு பேர் யார் யாருக்குக் கொடுத்தார்களோ, எனக்குத் தெரியாது. டிரா ஆட்டத்தை மட்டும் நான் தொடவில்லை. அது நானும் அவனும் ஆடியபடியே இருக்கிறது.